உடும்பு பழகுவதற்கு முன்

சோபாவில் ஒருவர் சாய்ந்திருப்பார். அவர் நெஞ்சின் மேல் மூன்றரை அடி நீள உடும்பு ஒன்று கண்ணை மூடிக் கிடக்கும். அவர் அதன் தலையைத் தடவிக்கொடுப்பார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உடும்பு வளர்ப்பவர்கள் போடும் இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்து, நாய்க்குட்டி போலப் பழகிவிட்டதே என்று பலரும் வியக்கிறார்கள். சிலவற்றில் தெரிவது உண்மையான பழக்கம்தான். ஆனால் உடம்பில் போதிய சூடு ஏறாத உடும்பும் இப்படித்தான் மந்தமாகக் கிடக்கும். கொழுத்து ஈரல் கெட்டுப்போன உடும்பும் ஓட முயலாது. தப்பிக்க வழியே இல்லை என்றான உடும்பு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்துவிடும். இந்த மூன்றையும் சாதுத்தனம் என்று எடுத்துக்கொள்வதால் வீடுகளில் ஏராளமான உடும்புகள் மெதுவாகச் செத்துப்போகின்றன.

ஆரோக்கியமான உடும்பு சும்மா இருக்காது. மண்ணைத் தோண்டும், மரத்தில் ஏறும், பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி எதிர்ப்படும் எல்லாவற்றையும் சோதிக்கும், பிடிக்காத ஆள் நெருங்கினால் வாலை வீசி அடிக்கும். அதைப் பழக்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஊர்வனவற்றில் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளும் விலங்குகள் குறைவு. ஆனால் அந்தப் பயிற்சி கையில் எடுத்துக் கொஞ்சுவதில் தொடங்குவதில்லை. சூடு, மண், ஈரம், இரை ஆகியவை சரியாக அமையாத வரை உடும்புக்குப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

உலகச் சந்தையில் மிக அதிகமாக விற்கப்படும் உடும்புகளில் ஒன்றான சவானா உடும்பை எடுத்துக்கொள்வோம். வரானஸ் எக்சான்தெமாட்டிக்கஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சகாராவுக்குத் தெற்கே, செனகலில் தொடங்கிக் கிழக்கே நீளும் புல்வெளிகள் அதன் இடம். கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று சிறிய நாடுகளிலிருந்துதான் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. காட்டில் பிடித்த சினை உடும்புகளிடமிருந்தோ, தோண்டியெடுத்த முட்டைகளிலிருந்தோ குஞ்சு பொரிக்கவைத்து, ஒரு சாண் நீளக் குட்டிகளாக அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கடையில் அந்தக் குட்டியின் விலையைவிட, அதற்கு முறையாக வேண்டிய விளக்குகளின் விலை அதிகம். விலங்கு மலிவாகக் கிடைக்கும்போது அதன் தேவைகளையும் மலிவாக நினைத்துவிடுகிறோம். பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய இந்த விலங்குகளில் முதுமையைப் பார்ப்பவை மிகச் சில.

டேனியல் பென்னட் என்ற ஆய்வாளர் கானாவின் கடலோரச் சமவெளியில் இவற்றை அவை வாழும் இடத்திலேயே கவனித்தார். குட்டிகள் திறந்த புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கவில்லை. பெரிய சில்வண்டுகள் தோண்டிய வளைகளுக்குள் வாழ்ந்தன. அந்தச் சில்வண்டுகளையே தின்றன. வளர்ந்தவற்றின் வயிற்றிலும் பெரும்பாலும் வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை, நத்தை, தேள் என்று முதுகெலும்பில்லாத சிற்றுயிர்களே இருந்தன. அதாவது இது நிலத்துக்கடியில் வாழும் ஒரு பூச்சி வேட்டைக்காரன். இதே காலத்தில் அமெரிக்க வீடுகளில் இதே விலங்கு கண்ணாடித் தொட்டியில், மரத்தூள் பரப்பிய தரையில், வாரத்துக்கு இத்தனை எலி என்று கணக்குப்போட்டு வளர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

கண்ணாடித் தொட்டி ஏன் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடும்பின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. ஆனால் மற்ற பல்லி இனங்களோடு ஒப்பிட்டால் அதன் உடல் இயந்திரம் மிகவும் வேகமானது. சாதாரணப் பல்லி ஓடும்போது அதன் விலாத் தசைகள் ஓட்டத்துக்கே செலவாகி மூச்சு தடைபடும். உடும்பு தொண்டையையே பம்பு போல இயக்கி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிறது. இதைக் கண்டறிந்து 1999இல் வெளியான ஆய்வில் ஓடவிட்டுப் பார்த்ததும் சவானா உடும்பைத்தான். பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவது போல, இதன் நுரையீரலிலும் பெரும்பகுதியில் ஒரே திசையில் ஓடுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. இப்படிப்பட்ட உடலுக்குச் சூடு என்பது வெறும் வசதி அல்ல. செரிமானம், நோய் எதிர்ப்பு, யோசிக்கும் திறன் எல்லாமே அதில் அடங்கும்.

எவ்வளவு சூடு? வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும் என்கிறார்கள் உடும்பு வளர்ப்பில் தேர்ந்தவர்கள். நம் ஊரில் மே மாத மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத மொட்டைமாடித் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். உடும்பு அதில் நாளெல்லாம் கிடக்காது. சில நிமிடங்கள் கிடந்து உடம்பைத் தேவையான சூட்டுக்கு ஏற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடும். அதனால் கூண்டின் மறுமுனை 25 டிகிரி அளவில் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். எந்தச் சூடு எப்போது வேண்டும் என்பதை முடிவு செய்வது உடும்பு. அதற்கான வாய்ப்புகளை அமைத்துத் தருவதுதான் வளர்ப்பவரின் வேலை. ஃபிராங்க் ரீட்டஸ் என்ற அமெரிக்கர் இதற்கு ஓர் எளிய வழியைப் பரப்பினார். ஒட்டுப்பலகைத் துண்டுகளை இடையில் சந்து விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே விளக்கைப் போடுவது. மேல்பலகை கொதிக்கும், கீழே போகப் போகச் சூடு குறையும். உடும்பு இருட்டான சந்துக்குள் பாதுகாப்பாக ஒடுங்கிக்கொண்டே வேண்டிய தட்டைத் தேர்ந்துகொள்ளும். அவர் பெயரிலேயே அதை ரீட்டஸ் அடுக்கு என்கிறார்கள்.

விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. அதிக வாட் கொண்ட ஒரே விளக்கைத் தொங்கவிட்டால் முதுகில் ஒரு புள்ளி வெந்துபோகும். தலையும் வாலடியும் குளிர்ந்தே இருக்கும். பெரிய உடலுக்குக் குறைந்த வாட் ஹாலஜன் விளக்குகள் நாலைந்தை வரிசையாகப் போட்டு, உடல் முழுவதும் ஒரே சீராகச் சூடேறும்படி செய்ய வேண்டும்.

இந்த விளக்குகளை வலை மூடி போட்ட தொட்டியின்மேல் வைத்தால் சூடான காற்று மேலே போய்க்கொண்டே இருக்கும், அதோடு ஈரமும் போய்விடும். தண்ணீர்க் கிண்ணம் இருந்தாலும் உடும்பு உள்ளுக்குள் வறண்டுபோகும். ஊர்வன தங்கள் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை. நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. அது உப்பாகி மூட்டுகளிலும் இதயத்தைச் சுற்றியும் படியும். மனிதர்களுக்கு வருவது போன்ற கவுட் நோய்தான், நடக்கவே வலிக்கும். வெளியே பார்ப்பவருக்கோ உடும்பு சாதுவாகிவிட்டதாகத் தெரியும்.

காட்டில் இதற்குத் தீர்வு வளை. மேலே நிலம் காய்ந்து வெடித்திருந்தாலும் வளைக்குள் ஈரம் நிற்கும். அதனால்தான் வளர்ந்த சவானா உடும்புக்கு இரண்டு அடி ஆழத்துக்கு மண் வேண்டும் என்கிறார்கள். தோண்டினால் இடிந்து விழாத, லேசான ஈரத்தோடு இருக்கும் மண்ணும் மணலும் கலந்த கலவை. கூண்டு குறைந்தபட்சம் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். இந்த அளவுக்கு இரண்டு அடி மண் போட்டால் அதன் எடையே இரண்டு டன்னைத் தாண்டும். மாடி ஃப்ளாட்டில் அதை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர் இந்த விலங்கை வாங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண் உடும்பாக இருந்தால் மண் உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடும். ஆண் துணை இல்லாவிட்டாலும் அது முட்டை உருவாக்கும். தோண்டி இடுவதற்கு மனதுக்குப் பிடித்த இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே வைத்துக்கொள்ளும், அப்படியே இறந்தும் போகும்.

இரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சவானா உடும்புக்குச் சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவிய கரப்பான், சில்வண்டு, வெட்டுக்கிளி, மண்புழு, நத்தை போதும். எலி எப்போதாவது ஒன்று. உரிமையாளருக்கோ எலி வசதி. ஃபிரீசரில் வைக்கலாம், கத்தாது, தப்பி ஓடாது. பூச்சிகளைக் கூடைகூடையாக வளர்ப்பது தனி வேலை. அந்த வசதியின் விலையை உடும்பின் ஈரல் கொடுக்கிறது.

சரி, இத்தனையும் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கூண்டுக்குள் இருப்பது சூடான, சுறுசுறுப்பான, பசியுள்ள, மனிதரைக் கண்டால் வளைக்குள் பாய்ந்துவிடும் ஒரு உடும்பு. புதிதாக வளர்ப்பவர் பயப்படும் கட்டம் இதுதான். தொட்டியில் குளிர்ந்து கிடந்தபோது பழகியிருந்ததே, நல்ல கூண்டு கட்டிக் கொடுத்ததும் முரடாகிவிட்டதே என்று புலம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அப்போதுதான் அவர்கள் தங்கள் உடும்பை முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

அதற்கு எவ்வளவு புத்தி இருக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. சவானா உடும்பின் நெருங்கிய உறவான, ஆப்பிரிக்காவின் கருந்தொண்டை உடும்பின் எட்டுக் குட்டிகளிடம் ஒரு சோதனை நடந்தது. உள்ளே இரை தெரியும் ஒரு கண்ணாடி போன்ற குழாய், அதில் கீல் வைத்த கதவுகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டுக் குட்டிகளும் முதல் தடவையே 10 நிமிடத்துக்குள் கதவைத் திறந்து இரையை எடுத்துவிட்டன. அடுத்த தடவை இன்னும் வேகமாக, வீண் முயற்சிகளைக் குறைத்துக்கொண்டு திறந்தன. 2008இல் வெளிவந்த ஆய்வு இது. வாஷிங்டனில் உள்ள தேசிய விலங்குக்காட்சி சாலையில் 1992இல் பொரித்த, உடும்புகளிலேயே மிகப் பெரிய இனமான கொமோடோ டிராகன்களில் ஒன்று கிராக்கன். இந்தோனேசியாவுக்கு வெளியே முதன்முதலாகப் பொரித்த கூட்டம் அது. கிராக்கன் தன் பராமரிப்பாளரின் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை மெல்ல உருவும், ஷூ லேஸை இழுக்கும், வாளிக்குள் தலையை விட்டு ஆராயும். உணவுக்காக இல்லாமல் இவற்றைச் செய்தது என்பதுதான் முக்கியம். விலங்குகளின் விளையாட்டைப் பற்றி ஆராய்ந்த கோர்டன் பர்கார்ட் இதை விளையாட்டு என்றே கணக்கில் எடுத்தார். ஊர்வன விளையாடுமா என்று கேட்டவர்களுக்கு அது பெரிய பதிலாக இருந்தது.

இவ்வளவு வேகமாகக் கற்பது நமக்குச் சாதகம் மட்டுமல்ல. நாம் கற்பிக்க நினைக்காததையும் அது அதே வேகத்தில் கற்றுக்கொள்ளும். 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் விலங்குக்காட்சி சாலையில் பத்திரிகையாசிரியர் ஃபில் பிரான்ஸ்டீன் கொமோடோ டிராகன் இருந்த கூண்டுக்குள் போனார். அவருடைய வெள்ளை ஷூக்களைக் கழற்றச் சொன்னார்கள். அந்த டிராகனுக்குக் கொடுப்பது வெள்ளை எலிகள் என்பதால் குழம்பிவிடக்கூடும் என்பதற்காக. வெறுங்காலோடு நின்றவரின் காலையே அது கவ்வியது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. வீட்டு உடும்பிலும் இதே கதைதான். கூண்டின் கதவு திறந்தாலே இரை வரும் என்று கற்ற உடும்பு, கதவு திறந்ததும் முதலில் வரும் எதையும் கவ்வும். முதலில் வருவது பெரும்பாலும் நம் கை. பின்னோக்கி வளைந்த பற்கள். பிடித்தால் விடாமல் தலையை உதறும். பெரிய உடும்பின் கடியில் விரல் நரம்பு அறுபடவும் கூடும். உடும்புகளின் வாயில் நச்சுச் சுரப்பி உண்டு என்று 2006க்குப் பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மனிதருக்கு அதன் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் தொடர்கிறது. நச்சே இல்லாவிட்டாலும் பல் போதும்.

ஆகவே பயிற்சியின் முதல் பாடம், கை வேறு, இரை வேறு என்பது. இதற்கு டார்கெட் பயிற்சி என்று பெயர். ஒரு நீளக் குச்சியின் நுனியில் நிறம் பூசிய பந்து. அந்தப் பந்து கண்ணில் பட்டால்தான் இரை உண்டு. பந்து இல்லாமல் கை மட்டும் வந்தால் ஒருநாளும் இரை இல்லை. உடும்பு பந்தை நாக்காலோ மூக்காலோ தொட்ட அந்த நொடியில் கிளிக்கர் என்ற, அழுத்தினால் ஒலிக்கும் சிறு கருவியின் சத்தம், உடனே நீள இடுக்கியில் ஒரு பூச்சி. சில தடவைகள் செய்ததுமே பந்து போகும் இடமெல்லாம் உடும்பும் வரும். அப்புறம் அதே பந்தைக் காட்டி எடை பார்க்கும் தராசுக்கு வரவைக்கலாம், மருத்துவரிடம் கொண்டுபோகும் பெட்டிக்குள் தானே ஏறவைக்கலாம், கூண்டைச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஒரு மூலையில் நிற்கவைக்கலாம். விலங்குக்காட்சி சாலைகளில் கொமோடோ டிராகன்களையே இந்த முறையில் பழக்கி, கட்டிப்போடாமல் நகம் வெட்டுகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள்.

இந்தக் கட்டத்துக்கு வரும் முன் பல வாரங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டியிருக்கும். கூண்டருகே உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். நாம் உடுத்திய பழைய பனியன் ஒன்றை உள்ளே போட்டுவைக்கலாம். உடும்பு உலகத்தை நாக்கால் அறிவது என்பதால் நம் வாசனை அதன் இடத்தின் ஒரு பகுதியாகிவிடும். அது தானாக வெளியே வந்து நம்மைப் பார்க்கும் வரை காத்திருப்பதற்கு ஈடான குறுக்குவழி இல்லை. குறுக்குவழி என்று சிலர் சொல்வது, அடம்பிடித்தாலும் தினமும் கையில் பிடித்து வைத்திருந்தால் ஒருநாள் அடங்கிவிடும் என்பது. அடங்கும்தான். போராடிப் பயனில்லை என்று உணர்ந்த விலங்கு அடங்கிவிடுகிறது. பயம் அப்படியே இருக்கிறது. அந்தப் பயம் ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் கடியாக வெளிவரும். ஏனென்றால் சீறுவதையும் வால் வீசுவதையும் நாமே பயனற்றதாக்கிவிட்டோம்.

அந்த எச்சரிக்கைகளைப் படிக்கக் கற்பது மனிதருக்கான பயிற்சி. தொண்டை உப்பும், உடல் பக்கவாட்டில் தட்டையாகும், மூச்சு சீறலாகும், வால் வளைந்து தயாராகும். நல்ல பழக்குநர் சீறல் வரை போகவே மாட்டார். தொண்டை லேசாக உப்பும்போதே ஓர் அடி பின்வாங்குவார். வால் அடித்த பிறகு பின்வாங்கினால், அடித்தால் இந்த ஆள் போய்விடுவான் என்ற பாடத்தையல்லவா கற்றுக்கொடுத்தோம்? தொடுதல் கடைசியில் வருவது. மேலிருந்து வரும் கை பருந்தின் நிழல் போலத் தோன்றுவதால் பக்கவாட்டில், தரை மட்டத்தில் கையை வைத்து, அது ஏற விரும்பினால் ஏறட்டும் என்று விட வேண்டும். இறங்கிப் போனால் அன்றைய பாடம் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களே, அதுவும் வெயில் காய்ந்து உடல் சூடான பிறகு. பயிற்சிக்குக் கொடுக்கும் பூச்சிகளையும் அன்றைய உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லா உடும்பும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு இரண்டு, இரண்டரை அடியோடு நிற்கிறது. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யத் தடை விதித்து நீண்ட காலம் ஆகிறது. அதனால் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தையில் இருப்பவை பெரும்பாலும் பல தலைமுறைகளாக மனிதரிடமே பிறந்தவை. வீட்டில் உடும்பு வளர்ப்பதற்கு ஓரளவு நியாயம் சொல்லக்கூடிய இனம் என் பார்வையில் இது ஒன்றுதான். நீர் உடும்பு புத்திசாலி, நன்றாகப் பழகவும் கூடியது. ஆனால் ஆறேழு அடி வளரும். அதற்குக் குளம் வைத்த ஓர் அறையே வேண்டும். நைல் உடும்பின் கதை இன்னும் மோசம். ஃபுளோரிடாவின் கேப் கோரல் நகரத்தில் 1990 அளவில் அவை தென்படத் தொடங்கின. செல்லப்பிராணி வணிகத்திலிருந்து வெளியேறியவை அங்குள்ள கால்வாய்களில் பெருகிவிட்டன. வளைக்குள் கூடு கட்டும் ஆந்தைகளுக்கும் முட்டையிடும் உயிர்களுக்கும் அவை பெரிய அச்சுறுத்தல். 2021இல் அந்த மாநிலம் நைல் உடும்பைத் தடை செய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் பேச்சு வேறு. இங்கே நான்கு உடும்பு இனங்கள் உண்டு. தமிழ்நாட்டு வயல்களிலும் புதர்களிலும் நாம் பார்ப்பது வங்க உடும்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் இறைச்சிக்காகவோ தைலத்துக்காகவோ கொல்வதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வடக்கே 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் அதிர்ஷ்ட வேர் என்று விற்கப்படுவது உண்மையில் ஆண் உடும்பின் பிறப்புறுப்பைக் காயவைத்தது. அதற்காகவும் இவை கொல்லப்படுகின்றன.

வெளிநாட்டு உடும்பாக இருந்தால் தப்பில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. உலகின் எல்லா உடும்பு இனங்களும், காட்டுயிர்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. 2024இல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு ஊர்வன சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. வாய் கட்டிய பைகளில், பாதி செத்த நிலையில். சந்தையில் ஆவணங்கள் இல்லாமல் கிடைக்கும் குட்டி அந்த வழியாக வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாங்குபவர் இருக்கும் வரை அந்தப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும்.

பயிற்சியின் மேல் உண்மையான ஆர்வம் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குப் போய்ப் பார்க்கலாம். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அங்கே முதலைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும்படி பழக்கியிருக்கிறார்கள். அடிப்படை முறை இங்கே சொன்னதேதான். வீட்டுக்குள்ளோ கிணற்றடியிலோ வங்க உடும்பு வந்துவிட்டால் நாயைக் கட்டிவிட்டு, வெளியே போக ஒரு வழியைத் திறந்துவைத்துத் தள்ளி நின்றால் போதும். யாரையும் துரத்திக் கடிக்கும் விலங்கு இல்லை அது. மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவித்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்; வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம்.